மணியடித்து ஓடிய மில்

சித்தையன்கோட்டையில் பூமி ஆடியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அதை உணராத ஒரே ஆள் லிடியா. அவள் அப்போது தன் மாவு மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடும்போது அந்தக் கொட்டகையில் தரை, சுவர், தகரம், தராசு, லிடியாவின் பல் வரைக்கும் எல்லாமே ஆடும். பன்னிரண்டு வருடமாக அப்படி ஆடிக்கொண்டே நிற்கிறவளுக்கு, பூமி தன் பங்குக்கு நாலு விநாடி சேர்த்து ஆட்டினால் எப்படித் தெரியும்? டப்பாவோடு காத்திருந்த ஆறு பெண்களும் எழுந்து வெளியே ஓடினார்கள். மிளகாய் நெடி தாங்காமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து, "செத்த நேரம் பொறுங்கத்தா, முடியப்போகுது" என்று அவர்கள் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

அரைத்து முடித்து, மோட்டாரை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் தெரு முழுக்க ஜனம். குளித்த தலையோடு ஒருத்தி, சட்டுவத்தோடு ஒருத்தி, கைக்குழந்தையைத் தலைகீழாகத் தூக்கி வந்துவிட்ட ஒருத்தன். யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்தாள் லிடியா.

"பூமி ஆடுச்சுக்கா" என்றான் எதிரே டீக்கடை வைத்திருக்கும் மன்சூர்.

"எப்ப?"

"எப்பவா? இப்பத்தான்."

அன்றைக்குத் தொடங்கியது கேலி. ஊரே ஆடும்போது அசையாமல் நின்றவள் என்று மன்சூர் டீ குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அவளைச் சுட்டிக்காட்டினான். லிடியாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு குறை. எல்லோரும் பார்த்த திருவிழாவில் தான் மட்டும் தூங்கிப்போனது மாதிரி இருந்தது அவளுக்கு.

பெரிய சேதம் ஒன்றுமில்லை. யாருக்கும் அடிபடவில்லை. ஓடுகள் சரிந்தன, சுவர்கள் சிலவற்றில் கோடு விழுந்தது. ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள், லேசான அதிர்வுதான், மக்கள் பயப்பட வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவரை பாதி ஊர்தான் பயந்திருந்தது. பயப்பட வேண்டாம் என்று சொன்ன பிறகு முழு ஊரும் பயந்தது.

லிடியாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது திண்டுக்கல் டவுனில், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். டோனிக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தாள். மாமனார் வைத்திருந்த மில் அவர் போன பிறகு டோனிக்கு வந்திருக்க வேண்டும். டோனிக்கோ மாவுத்தூசி பட்டால் தும்மல். ஒன்று இரண்டு இல்லை, எண்ணிக்கொண்டே இருக்கலாம், அப்படித் தும்முவான். அதனால் அவன் லோடு வண்டி வாங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றப் போனான். மில் லிடியாவிடம் நின்றது. வாத்தியார் மகள் மில் ஓட்டுவாளா என்று பேசினார்கள். அவள் ஆறே மாதத்தில் மாவை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தே கல்லை எவ்வளவு இறக்க வேண்டும் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அரைத்து முடிந்ததும் மரக்கட்டையால் குழாயைத் தட்டித் தட்டி, உள்ளே ஒட்டியிருக்கும் கடைசிக் கைப்பிடி மாவையும் அவரவர் டப்பாவில் விழ வைப்பாள். அந்தக் கடைசிக் கைப்பிடிக்காகவே அக்கரைப்பட்டி வரைக்கும் அவளுக்கு வாடிக்கை உண்டு. வாரம் முழுக்க வெள்ளைப் புருவத்தோடு நிற்கிறவள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பவுடர் போட்டுக் கறுத்த புருவத்தோடு போனால் வாடிக்கைக்காரர்களுக்கு அடையாளம் தெரியாது.

அதிர்வுக்குப் பிறகு தெருவில் வாழ்க்கை புதுசாகத் தொடங்கியது. குளியலறைக் கதவை யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. உள்ளே ஆள் இருப்பதைத் தெரிவிக்கப் பாட ஆரம்பித்தார்கள். பாட்டு வராதவர்கள் இருமினார்கள். மன்சூர் டீ கிளாஸ்களை மேல்தட்டிலிருந்து தரைக்கு இறக்கினான். பலபேர் அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்ததில் யார் வீட்டில் என்ன வெஞ்சனம் என்பது ஊருக்கே வெளிச்சமாகி, கொடுக்கல் வாங்கல் பெருகியது. பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் ஒரு செம்பைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் தம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கரண்டியை நிறுத்தி வைத்தாள். ஆடினால் விழும், விழுந்தால் ஓடலாம். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் லிடியா மில்லைப் போட்டாலும் அது விழுந்தது.

அங்கேதான் வந்தது வினை. பன்னிரண்டு வருடமாக மில் ஆட்டுகிற ஆட்டம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது எல்லாருக்கும் உள்ளங்காலில் காது முளைத்துவிட்டது. லிடியா சுவிட்சைத் தட்டியதும் இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் மூணு வீடு வெளியே ஓடி வரும். மில்தான் என்று தெரிந்ததும் முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போகும். கல்லை நிறுத்தி அடுத்த டப்பாவைக் கொட்டிப் போட்டால் மறுபடியும் ஓடி வரும். ஒரே நாளில் எட்டு முறை ஓடி ஒருத்திக்கு முழங்கால் வீங்கியது.

எல்லாரையும்விட அதிகமாக ஓடியவர், அதிகமாகக் கோபப்பட்டவர், சுந்தரம்மாளின் புருசன் உடையப்பன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் எஞ்சின் இரைச்சலில் நின்றதால் காது மந்தம். மில் ஓடும் சத்தம் அவருக்குக் கேட்காது, ஆட்டம் மட்டும் தெரியும். வேலையில் இருந்தபோது வைத்திருந்த விசிலை இன்னமும் கழுத்தில் மாட்டியிருப்பார். ஆடியதும் ஒரு நீண்ட விசில் அடித்துக்கொண்டு வெளியே வருவார். ஒரு விசில் என்றால் வண்டியை நிறுத்து என்று அர்த்தம். பூமிக்கும் அதையேதான் சொன்னார்.

அவர் வீட்டு முன்பக்கத்தில் ஓட்டுச் சார்ப்பு இறக்கிய பழைய மண்சுவர் ஒன்று. அதில் மேலிருந்து கீழே ஒரு முழ நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் அவருடைய கயிற்றுக் கட்டில். சாப்பிட்ட பிறகு அதில் படுக்காவிட்டால் அவருக்குச் சாப்பிட்டதாகவே கணக்கில்லை.

"பூமி போட்ட கோடு கடுகு அகலம். உன் மில்லு தெனமும் அத வெரலு அகலத்துக்குப் பெருசாக்கிக்கிட்டு இருக்கு" என்றார் லிடியாவிடம்.

"மாமா, மொதல்ல கொத்தனாரக் கூப்ட்டுச் சுவத்தப் பூசுங்க. அடியில படுக்காதீங்க."

"பூசவா? ஆதாரத்த அழிக்கச் சொல்றியா? இது இப்படியே இருக்கும். இதக் காட்டித்தான் உன் மில்ல ஊருக்கு வெளிய அனுப்பப் போறேன்."

சொன்னபடியே மனு எழுதி வார்டு கவுன்சிலர் இஃப்பத்திடம் கொடுத்தார். இஃப்பத் நியாயம் தெரிந்த பெண். அவளும் லிடியாவிடம் இடியாப்ப மாவு அரைக்கிறவள்தான், ஆனால் அதற்காக மனுவை மடித்து வைத்துவிடவில்லை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டாள், கொத்தனார் மிக்கேல்ராஜையும் கூப்பிட்டாள்.

"சுவரு நகருதா இல்லையான்னு பாக்க ஒரு வழி இருக்கு" என்றார் மிக்கேல்ராஜ். "கோட்டுக்குக் குறுக்க ஒரு தாள ஒட்டி வைப்போம். சுவரு நகந்தா தாளு கிழியும். நகரலைன்னா அப்படியே இருக்கும். நாங்க பழைய கட்டடத்துல செய்யறதுதான்."

என்ன தாள் என்று கேள்வி வந்தது. உடையப்பன் உள்ளே போய்த் தன் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். தேதி தனியாக எழுத வேண்டியதில்லை, அதிலேயே இருக்கிறது. யாரும் மாற்றி ஒட்டவும் முடியாது. கண்டக்டர் மூளை. ஒட்டுவதற்கு லிடியா கோதுமை மாவில் பசை காய்ச்சுகிறேன் என்றாள். எதிர்த்தரப்பு மாவில் காய்ச்சிய பசையை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார் உடையப்பன். கடைசியில் இஃப்பத் வீட்டிலிருந்து பசை வந்தது. மிக்கேல்ராஜ் ஒட்டினார், இஃப்பத் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளில் உடையப்பனின் ராசிக்குப் பொறுமை தேவை என்று போட்டிருந்தது. அவர் அதைப் படித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

இஃப்பத்தின் முடிவு இதுதான். நாற்பது நாள் பார்ப்பது. தாள் கிழிந்தால் லிடியா மில்லை ஊருக்கு வெளியே, குளத்துக் கரைப் பக்கம் கொண்டுபோய்விட வேண்டும். கிழியாவிட்டால் உடையப்பன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை மில்லைப் போடும் முன்னால் லிடியா தெருவுக்குச் சொல்லிவிட்டுப் போட வேண்டும்.

லிடியா சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். குளத்துக் கரை இரண்டு கிலோமீட்டர். இடுப்பில் டப்பாவோடு நடந்து வருகிற பெண்கள் யார் அங்கே வருவார்கள்? மில் இருக்கும், மாவு இருக்காது.

"கிழிஞ்சா என்ன, நம்ம வண்டியிலயே எல்லாரையும் ஏத்திட்டுப் போயிருவோம்" என்றான் டோனி. சொல்லும்போதே அவள் சேலையிலிருந்த மாவு பட்டுத் தும்மினான். அவன் ஆறுதல் சொல்ல வந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது.

தெருவுக்கு எப்படிச் சொல்வது? மில்லில் தேய்ந்துபோன பழைய இரும்புப் புல்லிச் சக்கரம் ஒன்று கிடந்தது. அதை வாசல் வேப்பமரத்தில் தொங்கவிட்டு ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டினாள். கணீரென்று உடையப்பன் காதுக்கே எட்டியது. மூன்று தட்டினால் மில் ஓடப்போகிறது, ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிட்டது. அவ்வளவுதான் சட்டம்.

ஒரு வாரத்தில் தெரு பழகிவிட்டது. மூன்று தட்டுக் கேட்டதும் சுந்தரம்மாள் கரண்டியைத் தானே எடுத்துக் கீழே வைப்பாள், ஒரு தட்டுக் கேட்டதும் மறுபடி நிறுத்துவாள். மன்சூர் டீ ஆற்றுவதை நிறுத்தி நிதானிப்பான். பிள்ளைகள் அதை வைத்து விளையாட்டே உண்டாக்கிவிட்டார்கள். ஒரே ஒருநாள், கல்யாண வீட்டு அவசர அரிசியில் லிடியா தட்ட மறந்துபோனாள். தெரு மொத்தமும் வெளியே வந்தது. உடையப்பன் பாதி முகம் சவரம் செய்து பாதி முகம் நுரையோடு விசில் அடித்துக்கொண்டு வந்தார். அன்று சாயந்தரம் வரை மீதி முகத்தைச் சிரைக்காமலேயே திரிந்தார், அதுவும் ஆதாரம் என்று.

தாள் கிழியவில்லை. லிடியா தினமும் காலையில் கோலம் போடும் சாக்கில் எட்டிப் பார்ப்பாள். உடையப்பனும் பார்ப்பார், வருத்தமாக. சுந்தரம்மாள் இரண்டு பேரையும் பார்ப்பாள். அவளுக்கும் லிடியாவுக்கும் இந்த வழக்கு வந்தும் பேச்சு நிற்கவில்லை, வாசல் வழியாகப் பேசாமல் கொல்லை வழியாகப் பேசினார்கள், அவ்வளவுதான்.

"அவருக்குப் பயம்த்தா" என்றாள் சுந்தரம்மாள் ஒருநாள். "பயம் வந்தா அவருக்குக் கோவமாத்தான் வெளிய வரும். பஸ்சு பிரேக் புடிக்கலைன்னு ஒருதடவ பள்ளத்துக்குப் போச்சே, எறங்கி மொதல்ல டிரைவர அடிக்கத்தான் போனாரு."

லிடியா சிரித்தாள். பயத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், அவளைத்தான் பூமி ஏமாற்றிவிட்டுப் போய்விட்டதே.

முப்பத்து மூன்றாம் நாள், மாதப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை. அந்த நாளில்தான் லிடியா தேய்ந்து வழுவழுத்துப்போன கல்லைக் கழற்றி உளியால் கொத்துவாள். மத்தியானம் வரை கொத்தி முடித்து, கல்லை மாட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுந்தரம்மாள் கொல்லை வழியாக வந்து, சாயந்தரம் அரைக்க வேண்டிய கேழ்வரகை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உடையப்பன் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தாயிற்று. மணி இரண்டு.

முதலில் பெல்ட் அசைந்தது. மோட்டார் ஓடாமல், கரண்ட் இல்லாமல், தன்னால் ஒரு நடுக்கம். தராசுத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. மேலே உத்தரத்தில் பன்னிரண்டு வருடமாகப் படிந்திருந்த மாவு பொலபொலவென்று அவள் தலையில் கொட்டியது. கீழே தரை, கெட்டியான சிமெண்டுத் தரை, அவளைச் சுமக்கவா வேண்டாமா என்று யோசித்த மாதிரி நழுவியது. "மாதாவே" என்றாள் லிடியா. சத்தம் வரவில்லை. கையும் காலும் தனித்தனியாகப் போய்விட்டன. இத்தனை நாள் இந்தத் தெரு ஓடி வந்தது இதற்குத்தானா என்று அந்த நாலு விநாடிக்குள் அவளுக்கு விளங்கிவிட்டது. சுந்தரம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

அதே நேரம் உடையப்பன் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்திருந்தார். அவர் ஓடியது உயிருக்குப் பயந்து இல்லை. தூக்கக் கலக்கத்தில் கரண்ட் இல்லாததே அவருக்கு நினைவில்லை. புல்லி தட்டாமல் மில்லைப் போட்டுவிட்டாள், முப்பத்து மூன்றாம் நாள் கையும் களவுமாகச் சிக்கினாள் என்று ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டி, வாயில் விசிலோடு, தெருவில் இறங்கிப் பக்கத்து மில் வாசலுக்கு வந்தார்.

"மணி அடிக்காம எப்பிடி மில்லப் போட்ட?"

அவர் முதுகுக்குப் பின்னால் அவர் வீட்டு முன்சுவர் கோட்டோடு பிளந்து, ஓட்டுச் சார்ப்பையும் இழுத்துக்கொண்டு கட்டில் மேல் உட்கார்ந்தது. காது மந்தமானவருக்கும் அது கேட்டது. திரும்பிப் பார்த்தார். புழுதி அடங்கியபோது கட்டிலின் நாலு காலில் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"மாமா" என்றாள் லிடியா, தலைமுதல் கால்வரை மாவாக நின்றுகொண்டு. "கரண்டே இல்ல மாமா."

அவர் நம்பவில்லை. உள்ளே போய்ப் பெல்ட்டைத் தொட்டார். மோட்டார் மேல் கையை வைத்தார். குளிர்ந்து கிடந்தது. அப்படியே மோட்டாரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கழுத்து விசிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சுந்தரம்மாள் கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருசனிடம் வந்து அவர் தோளைத் தட்டி மாவை உதறிவிட்டாள். "நாப்பது வருசமா இந்தக் கோவத்துக்காக உங்களத் திட்டுனேன்" என்றாள். "இனிமே ஒரு சொல்லு சொல்ல மாட்டேன். நல்லாக் கோவப்படுங்க." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். லிடியாவும் அழுதாள். மாவுக்குள் இரண்டு கோடு இறங்கியது.

இஃப்பத் ஓடி வந்தாள், மன்சூர் வந்தான், தெருவே வந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. மிக்கேல்ராஜ் மண்ணைக் கிளறி ஒரு கட்டியை எடுத்தார். அதில் பாதித் தாள் ஒட்டியிருந்தது. இன்னொரு கட்டியில் மறுபாதி. தேதி நடுவே கிழிந்திருந்தது.

"தாளு கிழிஞ்சுபோச்சு" என்றார் மிக்கேல்ராஜ், யாரையும் பார்க்காமல்.

தெரு லிடியாவைப் பார்த்தது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். உடையப்பன் எழுந்து வந்தார். இரண்டு கட்டிகளையும் வாங்கி, சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் தூரமாக வைத்து அந்த ராசிபலன் வரியையும் படித்தார் போலிருக்கிறது. பிறகு இரண்டையும் மண்ணோடு மண்ணாகப் போட்டுவிட்டு, மன்சூரிடம் ஒரு டீ கேட்டார்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. டப்பாவோடு பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். லிடியா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். போனவளுக்குக் கை எழவில்லை. தெருவில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மத்தியானம் தன் கால் நழுவியது நினைவுக்கு வந்தது. இவ்வளவு நாளும் இவர்களை அப்படித்தானே தினமும் எட்டு முறை நடுங்க வைத்தோம் என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னிக்கி மில்லு ஓடாதுத்தா" என்றாள். "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நாள மறுநாப் பாப்போம். குளத்துக் கரைக்குத்தான் கொண்டுபோகணும்னாலும் கொண்டுபோறேன்."

யாரும் நகரவில்லை. டீக்கடை வாசலில் மன்சூர் போட்டுக்கொடுத்த நாற்காலியில் உடையப்பன் உட்கார்ந்திருந்தார். வீடு இல்லாத மனுசன் மாதிரி இல்லை, டிப்போவில் வண்டி கிளம்பக் காத்திருக்கிற கண்டக்டர் மாதிரி இருந்தார். தெருவின் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார், யாராவது ஏற வேண்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. கழுத்திலிருந்த விசிலை வாயில் வைத்தார்.

இரண்டு விசில் அடித்தார்.

"போலாம், ரைட்டு" என்றார்.

லிடியா உள்ளே போய்ச் சுவிட்சைத் தட்டினாள். முதலில் சுந்தரம்மாளின் கேழ்வரகைக் கொட்டினாள். தெருவில் ஒருவரும் ஓடவில்லை.